கடைமடை சேராத நரம்புகள்

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து சேரும் கிழவி முதலில் கேட்பது ஆணா பெண்ணா என்று. அடுத்த கேள்வி, "காட்டுப்பீ போச்சா?" திண்டிவனத்திலிருந்து மயிலம், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரை உள்ள ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த கேள்வி இது. கருவில் இருக்கும்போதே குடலில் சேர்ந்து, பிறந்ததும் வெளியேற வேண்டிய, கரும்பச்சையாகப் பிசுபிசுக்கும் முதல் மலத்துக்குத்தான் அந்தப் பெயர். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் 24 மணி நேரத்துக்குள் அதைக் கழித்துவிடும். 48 மணி நேரம் கடந்தும் போகவில்லை என்றால் குடலில் தடை இருக்கிறதா என்று தேட வேண்டும் என்பது இன்றைய குழந்தை மருத்துவத்தின் பாலபாடம்.

பாட்டிகள் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறார்கள். "இன்னும் இல்ல" என்று பதில் வந்த பிறகு நடந்ததுதான் சிக்கலான வரலாறு. அந்த வரலாற்றின் ஒரு முனை தென்னார்க்காட்டுத் திண்ணைகளில் இருக்கிறது. இன்னொரு முனை கோபன்ஹேகனிலும் பாஸ்டனிலும் பம்பாயிலும் இருக்கிறது. இரண்டும் சந்தித்த இடம், கரு உருவான நான்காவது வாரத்தில் குடலுக்குள் புகும் சில ஆயிரம் உயிரணுக்கள்.

விழுப்புரம் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1993-ல். அதை ஒட்டி எடுத்த முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் மூன்றில் ஏறக்குறைய இரண்டு பிரசவங்கள்தான் மருத்துவமனையில் நடந்தன. மிச்சமெல்லாம் வீட்டில். 2019-21 கணக்கெடுப்பில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். அதாவது இன்று அறுபது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் மருத்துவச்சியின் கையில் பிறந்தவர்கள். தொப்புள்கொடி அறுப்பது முதல் தீட்டுக் கழிப்பது வரை அந்தப் பெண்ணின் பொறுப்பு. குழந்தையின் மலம், மூத்திரம், அழுகை மூன்றையும் கவனித்துச் சொல்வதும் அவள்தான். எழுதப் படிக்கத் தெரியாத, கூலியாக நெல்லும் பழைய புடவையும் வாங்கிய அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தையின் உடல் பற்றிய அறிவு ஏராளமாக இருந்தது. அதை எழுதி வைக்க யாரும் இல்லாமல் போனது பெரிய இழப்பு.

பிறந்த குழந்தைக்கு முதலில் சேனை. வீட்டில் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார். சில வீடுகளில் கழுதைப்பால். அப்புறம் உரைமருந்து: வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டு மூன்று இழை உரைத்துப் புகட்டுவது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஊரில் பெயர். மலம் கட்டினால் விளக்கெண்ணெய். மல்லாட்டை என்ற நிலக்கடலைக் கொல்லையின் ஓரத்தில் ஆமணக்கு வளராத புன்செய் இந்தப் பக்கத்தில் குறைவு. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்ற தன் ஊர் எழுத்துகளை நிலக்கடலை ரகங்களுக்கு மட்டுமல்லாமல் ஆமணக்கு ரகங்களுக்கும் வைத்திருக்கிறது. 1940-ல் வந்த டி.எம்.வி. 2 நிலக்கடலை நாடெங்கும் பேர் வாங்கியது. ஆமணக்கு அந்தப் புகழை எட்டவில்லை என்றாலும் பிள்ளை பெற்ற வீட்டில் அதற்குத்தான் மரியாதை.

விளக்கெண்ணெய் வேலை செய்யும் விதம் வெகுகாலம் புரியாமல் இருந்தது. 2012-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். எண்ணெயிலிருந்து பிரியும் ரிசினோலிக் அமிலம் குடல் தசையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தூண்டித் தசையைச் சுருங்கச் செய்கிறது. எண்ணெய் தசையை நெருக்கும். ஆனால் மலம் வெளியேற, மேலே சுருங்குவது பாதி வேலைதான். கீழே தளர்ந்து வழிவிட வேண்டும். வழிவிடச் சொல்வது நரம்பு. அந்த நரம்பே இல்லாத குடலில் எத்தனை பாலாடை எண்ணெய் புகட்டினாலும் அடைப்புக்கு மேலே அழுத்தம் கூடுமே ஒழிய வழி திறக்காது. புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து வேறு.

எண்ணெய்க்கும் அசையாத வயிற்றுக்கு இன்னொரு வழி வைத்திருந்தார்கள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முனையை நகத்தால் மழுக்கி, விளக்கெண்ணெயில் தோய்த்து, குழந்தையின் இரண்டு காலையும் ஒரு கையால் தூக்கிப் பிடித்து ஆசனவாயில் மெல்ல நுழைப்பார்கள். காம்பு கிடைக்காத இடத்தில் சோப்புச் சீவல். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சற்று நேரத்தில் மலம் இறங்கிவிடும்; எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் அன்று மாலைக்குள் தானாகவே இறங்கியிருக்கும்.

ஒரு சில குழந்தைகளுக்கு மட்டும் வேறு மாதிரி நடக்கும். காம்பை வெளியே எடுத்த நொடியில் காற்றும் மலமும் ஒன்றாகப் பீறிட்டு வரும். புடைத்திருந்த வயிறு கண் முன்னால் வற்றும். வீடே பெருமூச்சு விடும். மருத்துவச்சியின் கைராசியைத் தெரு பேசும். இரண்டு நாள் கழித்து வயிறு மறுபடியும் உப்பும், பால் குடிக்காது, பச்சையாக வாந்தி எடுக்கும். மறுபடியும் காம்பு, மறுபடியும் பீறிடல். இப்படியே வாரங்கள் போகும்.

இதே காட்சியைக் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரும் பார்ப்பார். சுண்டுவிரலால் பரிசோதித்து விரலை எடுத்ததும் அதே பீறிடல். ஆனால் அவருக்கு அது நோயின் அடையாளம். ஆசனவாய்க்கு மேலே ஒரு பகுதி எப்போதும் இறுகிக் கிடக்கிறது, விரல் அதைத் தற்காலிகமாகத் திறந்திருக்கிறது என்று படித்துக்கொள்வார். வெற்றிலைக் காம்பு தந்த அந்தக் கணநேர நிம்மதிதான் பல குழந்தைகளை மருத்துவமனைக்குப் போகவிடாமல் வீட்டிலேயே நிறுத்தி வைத்தது. வழக்கம் தோற்றிருந்தால் பெற்றவர்கள் ஓடியிருப்பார்கள். அது பாதி ஜெயித்தது.

அப்படி இறந்த குழந்தைகளை 'மாந்தத்தில் போச்சு' என்றார்கள். பால் மாந்தம், கட்டு மாந்தம் என்று சித்த மருத்துவத்தின் பாலவாகட மரபு மாந்தத்தைப் பல வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. செரியாமை, கிருமித்தொற்று, குடலடைப்பு எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடங்கின. அதில் எத்தனை குழந்தைகள் நரம்பில்லாத குடலோடு பிறந்தவை என்று இனி எண்ண முடியாது.

ஐரோப்பாவிலும் நிலைமை வெகுகாலம் இதைவிட மேலாக இல்லை. கோபன்ஹேகனில் புகையிலை ஆலை வைத்திருந்த குடும்பத்தில் 1830-ல் பிறந்த ஹரால்ட் ஹிர்ஷ்ப்ருங் சுருட்டு வியாபாரத்துக்குப் போகாமல் குழந்தை மருத்துவரானார். 1886-ல் பெர்லினில் நடந்த குழந்தை மருத்துவக் கூட்டத்தில் இரண்டு ஆண் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். பிறந்தது முதலே மலச்சிக்கல், பெருத்த வயிறு, ஓராண்டுகூட நிறையாமல் இறப்பு. பிரேதப் பரிசோதனையில் இருவருக்கும் பெருங்குடல் பிரமாண்டமாக விரிந்து, சுவர் தடித்திருந்தது. நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

ஹிர்ஷ்ப்ருங் பார்த்தது விரிந்த குடலை. அதற்குக் கீழே, பார்வைக்குச் சாதாரணமாக, ஒல்லியாக இருந்த பகுதியை அவரும் பொருட்படுத்தவில்லை, அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. பெருத்ததுதான் நோய்ப்பட்டது என்று எடுத்துக்கொண்டு அதை வெட்டி எடுத்தார்கள். குழந்தைகள் பிழைக்கவில்லை, அல்லது நோய் திரும்பி வந்தது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு நீண்ட காலம் இவ்வளவு கண்ணுக்கெதிரே இருந்த பிழை அதிகம் இல்லை.

தடயங்கள் கையில் இருந்தன. ஜெர்மானியர் ஜார்ஜ் மைஸ்னர் 1857-லும், லியோபோல்ட் அவுவர்பாக் 1862-லும் குடல் சுவருக்குள் நரம்பணுக்களின் பின்னல்களை விவரித்துவிட்டார்கள். 1899-ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலை மூளையோடும் தண்டுவடத்தோடும் இணைக்கும் நரம்புகளை அறுத்துவிட்டுப் பார்த்தபோதும் குடல் தன் போக்கில் உணவை நகர்த்தியது. உணவுக்கு மேலே சுருக்கம், கீழே தளர்ச்சி. குடலின் நரம்புகள் தாமாகவே இயங்கக்கூடியவை என்பது தெளிவாகிவிட்டது. 1901-லேயே டிட்டெல் என்ற மருத்துவர் இந்நோயில் குடலின் நரம்பணுக்கள் குறைந்திருப்பதை எழுதினார். யாரும் செவிசாய்க்கவில்லை.

மாற்றியவர் ஸ்வீடனில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய ஆர்வார் ஸ்வென்சன். வயிற்றில் துளையிட்டு மலத்தை வெளியே திருப்பிவிட்ட குழந்தைகள் நன்றாகத் தேறுவதையும், துளையை மூடியதும் நோய் திரும்புவதையும் அவர் கவனித்தார். விரிந்த குடல்தான் கெட்டது என்றால் அது எப்படித் தேறும்? குடலுக்குள் அழுத்தத்தை அளந்து பார்த்தார். விரிந்த பகுதி நன்றாகவே சுருங்கி விரிந்தது. கீழே இருந்த ஒல்லியான பகுதியில்தான் அலையே இல்லை. அந்தப் பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாய்க்குச் சற்று மேலே தைத்தார். 1948-ல் அலெக்ஸாண்டர் பில்லுடன் சேர்ந்து அந்த அறுவை சிகிச்சையை வெளியிட்டார். அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள், ஒல்லியான பகுதியில் நரம்பணுக்கள் அறவே இல்லை என்பதைத் திசு ஆய்வில் உறுதிப்படுத்தினார்கள். ஸ்வென்சன் 2012 வரை வாழ்ந்தார். நூறு வயதைத் தாண்டியவர்.

இந்த அறிவு திண்டிவனம் சாலைக்கு வர அதிக காலம் ஆகவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய புதுச்சேரி மருத்துவப் பள்ளி, அவர்கள் போன பிறகு 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-ல் ஜிப்மர் ஆனது. கோரிமேட்டில் அது எழுந்த இடம், திண்டிவனத்திலிருந்து வரும் பேருந்து புதுச்சேரி எல்லைக்குள் நுழையும் இடம். விழுப்புரத்திலிருந்து 1879 முதலே புதுச்சேரிக்கு ரயில் இருந்தது. இரண்டு ஊர்களிலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர். மதராஸிலும் 1960-களில்தான் எம்.எஸ். ராமகிருஷ்ணன் போன்றவர்கள் குழந்தைகள் அறுவை சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்தார்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனவர்களும் உண்டு. காட்பாடிப் பாசஞ்சர் பிடித்து வேலூர் சி.எம்.சி.க்குப் போனவர்களும் உண்டு. ஆனால் முண்டியம்பாக்கத்தில் 2010-ல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி வரும்வரை, இந்த வட்டாரத்து வீடுகளில் 'பெரிய ஆஸ்பத்திரி' என்றால் பெரும்பாலும் ஜிப்மர்தான்.

சிகிச்சை அப்போது மூன்று கட்டமாக இருந்தது. முதலில் வயிற்றில் துளை. மாதங்கள் கழித்துக் குழந்தை எடை கூடியதும் பெரிய ஆபரேஷன். பிறகு துளையை மூட ஒன்று. இடைப்பட்ட காலத்தில் துளையிலிருந்து வருவதை வாங்கப் பை வேண்டும். பைக்குக் காசில்லாத வீடுகளில் பழைய பருத்தித் துணிதான். மடித்துக் கட்டி, ஒரு நாளைக்குப் பலமுறை அவிழ்த்து, தோல் வெந்து போகாமல் தேங்காய் எண்ணெயோ களிம்போ தடவி, துணியைத் துவைத்துக் காயப்போட்டு, மறுபடியும் கட்டி வளர்த்தவர்கள் தாய்மார்கள். அறுவை சிகிச்சையின் வரலாற்றை எழுதும்போது கத்தி பிடித்தவர்களின் பெயர்கள் மட்டும் வருகின்றன. அந்தக் குழந்தைகளை இரண்டாவது ஆபரேஷன்வரை உயிரோடு கொண்டு வந்து சேர்த்தவை இந்தக் கைகள். 1998-ல் மெக்சிகோ நிபுணர்கள் வயிற்றைத் திறக்காமல் ஆசனவாய் வழியாகவே முழு ஆபரேஷனையும் செய்யும் முறையை வெளியிட்டார்கள். நரம்பில்லாத பகுதி குட்டையாக இருக்கும் குழந்தைகள் பலருக்கு இன்று ஒரே கட்டத்தில் முடிந்துவிடுகிறது.

எந்தப் பகுதி நரம்பில்லாதது என்று தெரிந்துவிட்டது, சரி. ஏன் எப்போதும் கடைசிப் பகுதி? நடுக்குடலில் மட்டும் நரம்பில்லாத குழந்தை ஏன் ஏறக்குறையப் பிறப்பதே இல்லை?

பதில் கோழி முட்டையில் கிடைத்தது. 1954-ல் அமெரிக்காவில் இன்டெமாவும் ஹாமண்டும் கோழிக்கருவின் கழுத்துப் பக்கம், வருங்காலத் தண்டுவடத்தின் மேல்விளிம்பில் இருக்கும் 'நரம்பு முகடு' என்ற சிறு திசுவை நீக்கினார்கள். அந்தக் கருக்களின் குடலில் நரம்பணு வரவில்லை. அப்படியானால் குடலின் நரம்புகள் குடலில் பிறப்பதில்லை, எங்கிருந்தோ வருகின்றன. அவை நடந்து வருவதைக் கண்ணால் காட்டியவர் பிரான்ஸின் நிக்கோல் லெ துவாரென். நம்மூர் ஓட்டல்களில் வறுவலாக வரும் அதே ஜப்பானியக் காடைதான் அவருடைய கருவி. காடையின் உயிரணுக் கருவை நுண்ணோக்கியில் பார்த்தால் கோழியினுடையதிலிருந்து சட்டென்று வேறுபடுத்திவிடலாம் என்று 1969-ல் கண்டார். காடைக்கருவின் நரம்பு முகட்டைக் கோழிக்கருவில் ஒட்டவைத்து, சில நாள் கழித்துக் கோழியின் குடலை வெட்டிப் பார்த்தார். குடல் சுவரில் நரம்பணுக்களாக இருந்தவை காடையின் அணுக்கள். 1973-ல் அவரும் டெய்யேவும் சேர்ந்து அந்த அணுக்கள் புறப்படும் இடத்தையே வரைபடமாக்கினார்கள்.

மனிதக் கருவில் இந்தப் பயணம் நான்காவது வாரத்தில் தொடங்குகிறது. கழுத்துப் பக்கத்திலிருந்து புறப்பட்ட அணுக்கள் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று இறங்கி, ஏழாவது வாரத்தில் பெருங்குடலின் முடிவை அடைய வேண்டும். கருவில் எந்த அணுவும் இவ்வளவு தூரம் போவதில்லை. போகிற வழியில் குடலும் நீண்டுகொண்டே இருக்கிறது. வீடூர் அணையில் தண்ணீர் திறந்தால், தலைமடையில் இருப்பவருக்குக் கவலை இல்லை. கடைமடைக்காரர்தான் வரப்பில் நின்று பார்ப்பார். திறந்த தண்ணீர் குறைந்தாலும், வழியில் மெதுவாகப் போனாலும், இடையில் தேங்கினாலும் காய்வது கடைசி வயல்தான். ஹிர்ஷ்ப்ருங் நோயில் ஆசனவாயிலிருந்து மேல்நோக்கி நரம்பில்லாமல் போவது இதனால்தான். அலை எங்கே நின்றதோ அதுவரை நரம்பு உண்டு, அதற்குக் கீழே இல்லை.

அலையை நகர்த்துவது எது என்ற கேள்வியில் மரபணுக்கள் வருகின்றன. உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் அதே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. எந்த அணு, எந்த நாளில், எதை இயக்குகிறது என்பதில்தான் வேறுபாடு. இயங்கும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டு, அதைக் கொண்டு புரதம் உருவாகிறது. மரபணு வெளிப்பாடு என்பது இதுதான். கழுத்திலிருந்து கிளம்பும் முகட்டணுக்களில் சாக்ஸ்10 என்ற மரபணு இயங்குகிறது. அது அணுவை உயிரோடும், இன்னும் எதுவாகவும் முதிராத நிலையிலும் வைத்திருக்கிறது. ரெட் என்ற இன்னொரு மரபணுவை இயக்கவும் உதவுகிறது. ரெட் உருவாக்கும் புரதம் அணுவின் மேற்பரப்பில் நின்று குடலிலிருந்து வரும் செய்தியைப் பிடிக்கிறது. அந்தச் செய்தி ஜி.டி.என்.எஃப். என்ற புரதம், குடல் சுவரின் அணுக்கள் சுரப்பது. முதலில் இரைப்பைப் பக்கம் அதிகம் சுரக்கும். பிறகு சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில். சுரப்பு கீழே நகர நகர முகட்டணுக்கள் அதைத் தேடிப் போகின்றன, வழியில் பெருகுகின்றன.

பெருகுவதுதான் உயிர்நாடி. கிளம்பும்போது இருப்பவை சொற்பம். போய்ச் சேரும்போது கோடிக்கணக்கில் ஆக வேண்டும். நரம்பாக முதிர்ந்துவிட்ட அணு மேற்கொண்டு பெருகாது. பாதி வழியிலேயே எல்லாம் முதிர்ந்துவிட்டால் அலைக்கு ஆள் போதாது. அதைத் தடுத்து வைப்பது எண்டோதீலின்-3 என்ற இன்னொரு செய்தி. அதையும் குடல் சுவரே சுரக்கிறது, முகட்டணுக்கள் தங்கள் ஏற்பியால் வாங்கிக்கொள்கின்றன. ஒரு செய்தி 'வா, பெருகு' என்கிறது. மற்றது 'இப்போதே முதிராதே' என்கிறது. இரண்டில் எது குறைந்தாலும் கடைசிக் குடல் காலியாகிறது.

1994 ஜனவரியில் நேச்சர் இதழின் ஒரே இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. இத்தாலியக் குழு ஒன்றும் பிரெஞ்சுக் குழு ஒன்றும் ஹிர்ஷ்ப்ருங் நோயாளிகளிடம் ரெட் மரபணுவில் பிறழ்வுகளைக் காட்டின. மூன்றாவது கட்டுரை, ரெட் இல்லாத எலிகளுக்கு இரைப்பைக்குக் கீழே குடல் நரம்பே இல்லை, சிறுநீரகமும் வளரவில்லை என்றது. ஹிர்ஷ்ப்ருங் பெர்லினில் பேசி 108 ஆண்டுகள் கழித்து நோயின் முதல் மரபணு கைக்கு வந்தது.

இதற்கு முன்பே இந்தியாவிலிருந்து ஒரு முக்கியமான துப்பு கிடைத்திருந்தது. உரிய கவனம் நம் நாட்டில் அதற்குக் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 1981-ல் பம்பாயின் கிருஷ்ணகுமார் ஷாவும் அவருடைய சகாக்களும் ஐந்து குடும்பங்களில் பிறந்த பன்னிரண்டு குழந்தைகளை விவரித்தார்கள். நெற்றி முடியில் வெள்ளைக் கற்றை, வெளுத்த புருவம், வெளிறிய கருவிழி, கூடவே நீண்ட தூரம் நரம்பில்லாத குடல். முடியின் நிறத்துக்கும் குடலின் அசைவுக்கும் என்ன சம்பந்தம்? நிறமணுக்களும் குடல் நரம்பணுக்களும் அதே நரம்பு முகட்டிலிருந்து புறப்படுபவை. ஒரு கூட்டம் தோலுக்கு, ஒரு கூட்டம் குடலுக்கு. இரண்டு கூட்டத்துக்கும் எண்டோதீலின் செய்தியும் சாக்ஸ்10-ம் தேவை. வெள்ளைத் திட்டுள்ள சில எலி வகைகளும், வெள்ளையாகப் பிறந்து சில நாட்களில் குடலடைப்பால் இறக்கும் குதிரைக்குட்டிகளும் அதே கதையைச் சொல்லின. மருத்துவ நூல்களில் வார்டன்பர்க்-ஷா நோய்க்குறி என்ற பெயரில் அந்தப் பம்பாய் மருத்துவர் நிற்கிறார். இந்த வகையில் சில, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் வேரூன்றிய வட தமிழகத்தில் மருத்துவர்கள் உறவுத் திருமணமா என்று கேட்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் பெரும்பாலான குழந்தைகளின் கதை அப்படி ஒற்றைப் பிறழ்வில் முடிவதில்லை. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் படித்து அமெரிக்கா போன அரவிந்த சக்கரவர்த்தி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு நோய்க்குக் கொடுத்தவர். 2005-ல் அவருடைய குழு ரெட் மரபணுவின் புரதக் குறிப்பில் எந்தப் பழுதும் இல்லாமல், அதை எவ்வளவு இயக்குவது என்று தீர்மானிக்கும் பகுதியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருப்பதைக் காட்டியது. மக்களிடையே பரவலாக இருக்கும் மாற்றம் அது. ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய இல்லை, ஐரோப்பாவில் குரோமோசோம்களில் சுமார் கால் பங்கில், ஆசியாவில் பாதியை நெருங்கும் அளவில். அதைச் சுமக்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு எந்த நோயும் இல்லை. 2016-ல் அதே குழு, இப்படி மூன்று கட்டுப்பாட்டுப் பகுதிகளின் மாற்றங்கள் ஒன்றுசேரும்போது ரெட் வெளிப்பாடு குறைந்து, அதைச் சார்ந்த மற்ற மரபணுக்களின் இயக்கமும் கூடவே தடுமாறுவதைக் காட்டியது. மரபணு இருக்கிறது, கெடவில்லை. தேவையான சில நாட்களில் தேவையான அளவு ஒலிக்கவில்லை. 2021-ல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று கரு முதல் முதுமைவரை மனிதக் குடலின் சுமார் 4,28,000 உயிரணுக்களில் எது எதை இயக்குகிறது என்று தனித்தனியாகப் படித்து, ஹிர்ஷ்ப்ருங் நோயோடு தொடர்புள்ள மரபணுக்கள் எந்த வாரத்தில் எந்த அணுவில் இயங்குகின்றன என்பதையும் அந்த வரைபடத்தில் குறித்தது.

ஏறக்குறைய 5,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் நோய் இது. பிறவிக் குறைபாடுகளைப் பிறந்தவுடன் கண்டறிய 2013-ல் தேசிய அளவில் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் உதட்டுப்பிளவு, வளைபாதம், பிறவி இதய நோய், பிறவிச் செவிட்டுத்தன்மை எல்லாம் உண்டு, ஹிர்ஷ்ப்ருங் இல்லை. பார்த்துக் கண்டுபிடிக்க உடம்பின் மேல் எந்த அடையாளமும் கிடையாது. கருவுற்றிருக்கும்போது எடுக்கும் ஸ்கேனில் பொதுவாகத் தெரியாது. தெரிவதெல்லாம் முதல் மலம் தாமதமாவது, வயிறு உப்புவது, பச்சை வாந்தி. ஆகவே ஒலக்கூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும் தாயிடம் நர்ஸ் "பாப்பா வெளிக்குப் போச்சா? எப்போ?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது சம்பிரதாயமில்லை. நாட்டில் இந்த நோய்க்கு இருக்கும் ஒரே முதற்கட்டச் சோதனை அதுதான். 'இல்லை' என்றால் காம்பும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்; அன்றைக்கே முண்டியம்பாக்கமோ ஜிப்மரோ. அங்கே மலக்குடலிலிருந்து மிளகளவுகூட இல்லாத ஒரு துண்டுத் திசுவை எடுத்து நரம்பணு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். தாமதமானால் வருவது குடல் அழற்சி. நாற்றமெடுக்கும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகத் தொடங்கும். வயிறு இளகிவிட்டது, நல்லதுதான் என்று வீட்டில் நினைக்கும் நேரத்தில் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கும். இந்நோயில் இன்றும் உயிர் போவது பெரும்பாலும் அதனால்தான். ஆபரேஷன் முடிந்த பிறகும் அது வரலாம் என்பதால் வெளிநோயாளிப் பிரிவுக்கு ஆண்டுக்கணக்கில் வந்து போகச் சொல்கிறார்கள்.

அப்படி வந்து போகும்போது தாய் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள். முதலாவது, தான் ஏதாவது தப்பாகச் சாப்பிட்டுவிட்டோமா என்பது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள் என்று புகுந்த வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். முகட்டணுக்கள் குடலுக்குள் புகும் நான்காவது வாரம் என்பது நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று அவளே சந்தேகிக்கத் தொடங்கும் காலம். ஏழாவது வாரத்தில் பயணம் முடிந்துவிடும். கிரகணமும் பப்பாளியும் அந்த அணுக்களை நிறுத்தியதாக எந்த ஆய்வும் காட்டியதில்லை. இரண்டாவது கேள்வி, அடுத்த குழந்தைக்கும் வருமா. கடைசிப் பகுதி மட்டும் பாதிக்கப்பட்ட ஆண் குழந்தையின் தம்பி தங்கைகளுக்கு நூற்றுக்குச் சில பேர் என்ற அளவில்தான் வாய்ப்பு. நீண்ட தூரம் நரம்பில்லாத பெண் குழந்தையின் தம்பி என்றால் வாய்ப்பு பல மடங்கு கூடும். நோய் ஆண்களுக்கு நான்கு மடங்கு அதிகம் வருவதால், அரிதாகப் பெண்ணுக்கு வரும்போது அந்தக் குடும்பத்தில் மரபுச் சுமை கூடுதலாக இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். எதுவானாலும் அடுத்த பிரசவத்துக்கு அவள் சேரும் மருத்துவமனையில் மூத்த பிள்ளையின் ஆபரேஷன் சீட்டை முதல் நாளே காட்டிவிட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார்.